தனியா ரெண்டர் பண்ண ஆளை தனுஷ்கோடி மணல்ல நிக்க வைக்கிறது எப்படி

கம்ப்யூட்டர்ல செஞ்ச கடலும் மணலும் தனியா பார்த்தா அம்சமா இருக்கும், ஆளையும் தனியா ரெண்டர் பண்ணி, அதாவது 3டி மாடலை படமா எடுத்துப் பார்த்தா முடி, சட்டை மடிப்பு எல்லாம் பக்காவா இருக்கும், ரெண்டையும் ஒண்ணா வச்ச உடனே எலெக்‌ஷன் கட்அவுட்டைக் கொண்டாந்து கடக்கரையில நட்ட மாதிரி ஆயிரும். நிறைய பேர் இது போட்டோஷாப் வேலைன்னு நினைச்சு ஓரத்தை மழுக்குறது, கலரை ஏத்துறது எறக்குறதுன்னு மணிக்கணக்கா உக்காந்துருக்காங்க. எனக்குத் தெரிஞ்சு முக்கால்வாசி தப்பு ஒட்டுறதுக்கு முன்னாடியே நடந்து முடிஞ்சிருக்கும். ரெண்டு ரெண்டருக்கும் ஒரே கேமரா, ஒரே சூரியன், ஒரே தரை இருந்துச்சுன்னா ஒட்டுறது சின்ன வேலை, அது மூணும் ஒத்துப் போகலைன்னா எந்த பிரஷ்ஷும் காப்பாத்தாது.

எதுக்கு தனித்தனியா ரெண்டர் பண்ணணும், எல்லாத்தையும் ஒரே சீன்ல போட வேண்டியதுதானேன்னு கேப்பீங்க. 8 ஜிபி ராம் இருக்கிற லேப்டாப்ல மணல், கடல், உடைமரம் எல்லாம் போட்டு மேல தலைமுடியோட மூணு ஆளையும் ஏத்தினா மெஷின் மூச்சு விடாது. ரெண்டாவது, லேண்ட்ஸ்கேப்பை டெர்ராஜென்ங்கிற சாஃப்ட்வேர்ல பண்ணிட்டு ஆளை வேற சாஃப்ட்வேரான டாஸ் ஸ்டுடியோலயோ பிளெண்டர்லயோ பண்றவங்களுக்கு வேற வழியே கெடையாது. மூணாவது, கஸ்டமர் வந்து "தாத்தா கையை கொஞ்சம் தூக்குங்க தம்பி"ன்னு சொன்னா முழு கடலையும் திரும்ப ரெண்டர் போட வேண்டாம், தாத்தாவை மட்டும் போட்டா போதும்.

சாஃப்ட்வேர் பத்தி ரெண்டு வரி. பிளெண்டர் இலவசம், அதுக்குள்ளயே எம்பிஎஃப்பின்னு ஒரு எக்ஸ்டென்ஷன் போட்டா மேக்ஹியூமன்ங்கிற ஆள் செய்யிற சாஃப்ட்வேரோட ஆளுங்களை நேரா கொண்டு வரலாம். டாஸ் ஸ்டுடியோவும் இலவசந்தான், ஆனா உடுப்பு எல்லாம் காசு, அதுலயும் கைலியும் சேலையும் தேடிப் புடிக்கிறதுக்குள்ள விடிஞ்சிரும். டெர்ராஜென்ல இலவச வெர்ஷன் இருக்கு, சொந்த உபயோகத்துக்கு மட்டும், ரெண்டர் சைஸுக்கும் வரம்பு உண்டு. ஒட்டுறதுக்கு ஜிம்ப், கிரிட்டா, இல்ல பிளெண்டருக்குள்ளயே படங்களை ஒண்ணு மேல ஒண்ணு சேர்க்குற காம்போசிட்டர், எதுனாலும் ஓகே.

உதாரணத்துக்கு ஒரு படம் எடுத்துக்குவோம். தனுஷ்கோடி, ஆடி மாசம், சாயங்காலம். கேமரா தெக்கு பாத்து, அதாவது மன்னார் வளைகுடா பக்கம், நம்ம ஊர்ல ஆண்கடல்னு சொல்ற பக்கம். மணல்ல ஏத்திப் போட்ட ஒரு வல்லம், அதான் மீன்பிடிப் படகு, அது பக்கத்துல ஒரு தாத்தா, கருவாட்டுக் கூடையைத் தலையில வச்சுக்கிட்டு நடந்து வர்ற ஒரு அக்கா, அவங்களுக்குக் கொஞ்சம் முன்னாடி ஒரு சின்னப் பையன்.

மணலைப் பத்தி ஒண்ணு சொல்லிடுறேன். சேட்டிலைட் உயர டேட்டா, அதான் எஸ்ஆர்டிஎம், அதை டவுன்லோட் பண்ணி தனுஷ்கோடியை அப்படியே எடுத்துரலாம்னு ஆசைப்படாதீங்க. அதுல ஏறக்குறைய 30 மீட்டருக்கு ஒரு புள்ளிதான், உயரமும் முழு மீட்டர் கணக்குல இருக்கும். கொடைக்கானலுக்கு அது போதும். நம்ம கரை மொத்தமே கடல் மட்டத்துல இருந்து சில மீட்டர்தான், அதனால படிக்கட்டு கட்டுன மாதிரி வரும். சமமான ஒரு பிளேன், அதாவது தட்டையான தரை, அதுல பெரிய அலையா ஒரு நாய்ஸ், அதான் கம்ப்யூட்டரே தாறுமாறா போடுற மேடு பள்ளம், சின்ன சின்ன காத்து வரிக்கு இன்னொரு நாய்ஸ், கடலைப் பாத்து லேசா ஒரு சாய்வு, இவ்வளவுதான் வேணும்.

இப்ப முக்கியமான விஷயம், கம்பு. லேண்ட்ஸ்கேப் சீன்ல ஆளு எங்கெங்க நிக்கப் போறாங்களோ அங்கெல்லாம் 1.6 மீட்டர் உயரத்துக்கு ஒரு மெல்லிசான சிலிண்டரை நட்டுருங்க, பாதி சிவப்பு பாதி வெள்ளை. சின்ன சைஸ்ல ஒரு ரெண்டர் எடுத்து வச்சுக்கங்க. இப்ப அந்த ஒரு படத்துல ஆளு எவ்வளவு பெருசா தெரியணும், கால் எந்த பிக்சல்ல இருக்கணும், நிழல் எந்தப் பக்கம் எவ்வளவு நீளம் விழணும், நிழலோட கலர் என்ன, எல்லாம் இருக்கு. ஆளு இருக்கிற சீன்லயும் அதே கம்பை நட்டு, அந்த ரெண்டரை கேமராவுக்குப் பின்னாடி பேக்கிரவுண்டா வச்சு, கம்பு மேல கம்பு, நிழல் மேல நிழல் உக்கார்ற வரைக்கும் திருகுங்க. சாஃப்ட்வேருக்கு சாஃப்ட்வேர் வடக்கு எது, சூரியனை எந்தப் பக்கமா சுத்துறாங்கங்கிற கணக்கு மாறும், நம்பரை காப்பி பண்ணி நம்பிக்கிட்டு இருந்தா நிழல் எதிர்ப்பக்கம் விழும். கம்பு பொய் சொல்லாது. அளவும் பாத்துக்கங்க, பிளெண்டர்லயும் டெர்ராஜென்லயும் 1 யூனிட்னா 1 மீட்டர், டாஸ்ல 1 யூனிட்னா 1 சென்டிமீட்டர், மாத்திக் கொண்டு வரும்போது நூறு மடங்கு தாத்தா வந்து நிப்பாரு.

கேமரால ஒத்துப் போக வேண்டியது நாலு: லென்ஸ், சென்சார் அகலம், தரையில இருந்து உயரம், சாய்வு. ரெண்டுலயும் 35 எம்எம் லென்ஸ், 36 எம்எம் சென்சார்னு வச்சா அகலவாக்குல பார்வைக் கோணம் ஏறக்குறைய 54 டிகிரி வரும், சில சாஃப்ட்வேர் லென்ஸ் கேக்காம கோணந்தான் கேக்கும், அங்க 54.4 போட்டுக்கங்க. ஆளை தனியா நடுவுல பெருசா ரெண்டர் பண்ணி அப்புறம் சுருக்கி ஓரத்துல ஒட்டுறதுங்கிற பழக்கத்தை விட்டுருங்க. ஓரத்துல நிக்கிற ஆளை கேமரா கொஞ்சம் பக்கவாட்டுலதான் பாக்கும், நடுவுல வச்சு எடுத்த முகம் அங்க போனா என்னமோ உறுத்தும், என்னன்னு சொல்லத் தெரியாது. முழு ஃபிரேமையும் அதே 1920க்கு 1080 சைஸ்ல, ஆளு நிக்க வேண்டிய இடத்துலயே நிக்க வச்சு ரெண்டர் பண்ணுங்க. ஒட்டும்போது நகத்துற வேலையே இருக்காது.

நம்ம கரையில ஆளோட சைஸ் தப்பா இருந்தா ஒளிச்சு வைக்க மலையோ கட்டடமோ எதுவும் கெடையாது, ஒரே நேர்கோடா அடிவானம் கெடக்கு. அந்தக் கோடுதான் அளவுகோல். கேமரா தரையில இருந்து 1.6 மீட்டர் உயரத்துல இருந்தா, சமதரையில நிக்கிற 1.6 மீட்டர் ஆளு பக்கத்துல நின்னாலும் தூரத்துல நின்னாலும் உச்சந்தலை அடிவானத்துலயே இருக்கணும். அக்காவோட தலை கோட்டைத் தொடும், கூடை மட்டும் கோட்டுக்கு மேல தெரியும், பையன் 1.1 மீட்டர்னா அவன் முழுசா கோட்டுக்குக் கீழ. கேமராவை 80 சென்டிமீட்டருக்கு எறக்கினா எல்லா பெரியாளுக்கும் இடுப்புல கோடு வெட்டும். தாத்தா ஒரு மீட்டர் மணல் மேட்டு மேல நின்னா அந்த ஒரு மீட்டரும் கோட்டுக்கு மேல தெரியும். இதை மட்டும் பாத்தாலே மத்தவங்க படத்துல எது பொய்யின்னு கண்டுபிடிச்சுரலாம், ஒரு தடவை பழகிட்டா அப்புறம் எந்த போஸ்டரையும் நிம்மதியா பாக்க முடியாதுங்கிறது வேற விஷயம்.

சைஸை கணக்காவும் போட்டுப் பாக்கலாம். லென்ஸை சென்சார் அகலத்தால வகுத்து, படத்தோட பிக்சல் அகலத்தால பெருக்கி, ஆளோட உயரத்தால பெருக்கி, தூரத்தால வகுத்தா பிக்சல்ல உயரம் வந்துரும். 35 எம்எம், 1920 அகலம், 1.6 மீட்டர் ஆளு 10 மீட்டர் தூரத்துல நின்னா ஏறக்குறைய 300 பிக்சல், 5 மீட்டர்னா 600, 50 மீட்டர்னா 60. அறுபது பிக்சல் ஆளுக்கு கண்ணிமை முடி எல்லாம் மாடல் பண்ணிக்கிட்டு உக்காராதீங்க.

அடுத்தது சூரியன். ராமேஸ்வரம் தீவு 9 டிகிரி அட்சரேகையில இருக்கு, அதனால ஏப்ரல் நடுவுலயும் ஆகஸ்ட் கடைசியிலயும் உச்சி நேரத்துல சூரியன் நேரா தலைக்கு மேல வந்துரும், நிழல் காலடியிலயே சுருண்டுரும், அந்த நேரத்துல படம் வச்சா முகத்துல கண்ணு ரெண்டும் குழியாத்தான் தெரியும். ஜூன்ல உச்சி வெயில் லேசா வடக்கே இருந்து, அதாவது பெண்கடல்னு சொல்ற பாக் நீரிணை பக்கம் இருந்து அடிக்கும், டிசம்பர்ல தெக்கே இருந்து, உச்சத்துலயே 57 டிகிரிதான். வெளிநாட்டு டுட்டோரியல் பாத்து மத்தியானத்துக்கு 35 டிகிரி சூரியன் வைக்கிறவங்களுக்குத்தான் இதைச் சொல்றேன், அது நம்ம ஊரு மத்தியானம் கெடையாது.

நம்ம படத்துக்கு ஆடி சாயங்காலம், சூரியன் 20 டிகிரி உயரத்துல வச்சுக்குவோம். அப்ப அது மேற்குல இருந்து கொஞ்சம் வடக்கே தள்ளி இருக்கும். கேமரா தெக்கு பாக்குது, அதனால வெளிச்சம் வலது பக்கத்துல கொஞ்சம் பின்னாடி இருந்து வரும், நிழல் இடது பக்கமா, லேசா கடலை நோக்கி சாஞ்சு விழும். 1.6 மீட்டர் ஆளோட நிழல் 4.4 மீட்டர் நீளம். 10 டிகிரிக்கு எறங்கினா 9 மீட்டர் ஆயிரும், ஃபிரேமை விட்டே வெளிய போயிரும், அதையும் யோசிச்சு வைங்க. சூரியனோட கோண அளவு 0.53 டிகிரி, சன் லைட்ல அதைப் போட்டா நிழல் கால்கிட்ட கூர்மையாவும் தலைகிட்ட சில சென்டிமீட்டர் மழுங்கியும் வரும். அந்த வித்தியாசந்தான் நிழலை நிழலாக் காட்டும். எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி மழுங்குன நிழல் கையால வரைஞ்சதுன்னு பளிச்சுனு தெரியும்.

சூரியன் மட்டும் பத்தாது, வானமும் மணலும் லைட்டுதான். சூரியன் படாத இடத்துல வானத்தோட நீலம் விழும், கீழ இருந்து மணல் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும், தாடைக்குக் கீழ, கூடையோட அடிப்பக்கம், கைலி மடிப்புக்குள்ள எல்லாம் மணல் கலர்ல லேசா ஒரு வெளிச்சம் இருக்கும். அதனால லேண்ட்ஸ்கேப் சீன்லயே ஆளு நிக்கிற இடத்துல ஒரு கேமராவை வச்சு, 360 டிகிரி பனோரமாவா, 2க்கு 1 அளவுல, 32 பிட் இஎக்ஸ்ஆரா, அதாவது வெளிச்சத்தோட அளவை வெட்டாம வச்சிருக்கிற ஃபைலா, ஒரு ரெண்டர் எடுங்க. அதை ஆளு இருக்கிற சீன்ல வேர்ல்டு லைட்டா மாட்டிருங்க. வானம், கடல், மணல் மூணும் சரியான திசையில இருந்து வெளிச்சம் குடுக்கும். சாதாரண 8 பிட் படமா எடுத்தா சூரியன் வெறும் வெள்ளைப் புள்ளியா வெட்டுப்பட்டு நிழலே வராது, அதான் 32 பிட். பனோரமால சூரியன் தெரியுதுன்னா தனியா சன் லைட் போடாதீங்க, ரெண்டு நிழல் விழும். பனோரமா எடுக்க முடியாத சாஃப்ட்வேரா இருந்தா ஸ்கை டெக்ஸ்சர் போட்டு, கம்பை வச்சு சூரியனைத் திருப்பி, காலடியில மணல் கலர்ல பெரிய பிளேன் ஒண்ணு விரிச்சுருங்க.

அந்த பிளேனைத்தான் ஷேடோ கேட்சரா, அதாவது தான் தெரியாம மேல விழுற நிழலைப் புடிச்சுக் குடுக்குற தரையா, வைக்கணும். பிளெண்டரோட சைக்கிள்ஸ் ரெண்டர் இன்ஜின்ல, ஆப்ஜெக்ட் பிராப்பர்ட்டிஸ்ல விசிபிலிட்டிக்குள்ள இருக்கு. 3.0 வெர்ஷன்ல இருந்து அது வெறும் நிழலை மட்டும் பாக்காம, ஆளோட கலர் தரையில படுறதையும் சேர்த்துப் புடிக்கும். ஆனா தரை சப்பையா இருந்தா நிழலும் ரூல்தடி வச்சு கோடு போட்ட மாதிரி விழும். நம்ம மணல்ல காத்து வரி இருக்குல்ல, நிழல் ஒவ்வொரு வரியிலயும் ஏறி எறங்கணும். ரெண்டு சீனும் பிளெண்டர்னா ஆளு நிக்கிற பத்துப் பதினைஞ்சு மீட்டர் மணலை மட்டும் வெட்டி இங்க கொண்டாந்து கேட்சரா வைங்க. அதே மாதிரி வல்லத்தையும் ஒரு ஒப்புக்குக் கொண்டு வரணும், டெக்ஸ்சர் எதுவும் வேண்டாம், ஹோல்டவுட்ல, அதாவது படத்துல தன் இடத்தை ஓட்டையா விடுற மாதிரி, போட்டுருங்க, அப்ப வல்லத்துக்குப் பின்னாடி மறையிற தாத்தாவோட கால் தானா வெட்டுப்பட்டு வரும், வல்லத்தோட நிழலும் அவர் மேல விழும். மாஸ்க் வரைய வேண்டியதே இல்ல.

காத்தை யாரும் கண்டுக்கிறதில்ல. ஆடியில கச்சான் அடிக்குது, தென்மேற்குல இருந்து. தெக்கு பாக்கிற கேமராவுக்கு அது முன்னாடி வலது பக்கத்துல இருந்து வந்து, நம்மளை நோக்கி இடது பக்கமா போகும். அலையில நுரை இருக்கு, வல்லத்துல கட்டுன கொடி படபடக்குது, அக்காவோட முந்தானை மட்டும் இஸ்திரி போட்ட மாதிரி தொங்குனா யாரு நம்புவா? துணிக்கு கிளாத் சிமுலேஷன் போட்டு, அந்தத் திசையில விண்ட் ஃபோர்ஸ் வச்சு, ஒரு அறுபது ஃபிரேம் ஓட விட்டு நல்லா இருக்கிற ஃபிரேமை எடுத்துக்கங்க. கைலி ஒரு குழாய் மாதிரிதான், ஈஸியா வந்துரும், காத்து அடிக்கிற பக்கம் காலோட ஒட்டும், மறுபக்கம் உப்பும். சேலை கஷ்டம், முந்தானையை மட்டும் தனித் துணியா சிமுலேட் பண்ணி மத்ததை கையால மாடல் பண்றதுதான் எனக்கு சரியா வருது. ஆளும் காத்துக்கு எதிரா லேசா சாஞ்சு நிக்கணும், கூடையை ஒரு கையால புடிச்சிருக்கணும். தனுஷ்கோடி கடைசியில இருக்கிற அரிச்சல்முனை போய்ட்டு வந்தவங்களுக்குத் தெரியும், அந்தக் காத்துல யாரும் அட்டென்ஷன்ல நிக்கிறதில்ல.

ரெண்டர் செட்டிங்ல ஃபிலிம்குள்ள டிரான்ஸ்பரன்ட் போடுங்க, பேக்கிரவுண்ட் இல்லாம ஆளு மட்டும் வரும். வெள்ளை பேக்கிரவுண்டுல ரெண்டர் பண்ணிட்டு மேஜிக் வாண்ட் வச்சு முடியை வெட்டுற ஆளுங்க இன்னும் இருக்காங்க, தயவுசெஞ்சு வேண்டாம். ஒவ்வொரு பிக்சல்லயும் ஆளு எவ்வளவு மூடியிருக்காருங்கிறது ஆல்ஃபாவா வரும், அதை எப்படி ஒண்ணு மேல ஒண்ணு அடுக்குறதுங்கிற கணக்கை 1984-லயே தாமஸ் போர்ட்டரும் டாம் டஃப்பும் எழுதி வச்சிட்டாங்க, இன்னிக்கும் எல்லா சாஃப்ட்வேரும் அதைத்தான் ஓட்டுது. அதுல ஒரு சிக்கல் மட்டும் இருக்கு. இஎக்ஸ்ஆர்ல கலர் ஆல்ஃபாவோட பெருக்கி சேவ் ஆகும், பிஎன்ஜில பெருக்காம. ஒண்ணை இன்னொண்ணா நினைச்சு சாஃப்ட்வேர் படிச்சா முடியைச் சுத்தி கறுப்பா ஒரு கோடு வரும். பிளெண்டர் காம்போசிட்டர்னா ஆல்ஃபா கன்வர்ட் நோடு போடுங்க, போட்டோஷாப்னா மேட்டிங்ல ரிமூவ் பிளாக் மேட். கோட்டை ஓரம் அரிச்சு எடுத்தா முடியும் சேர்ந்து போயிரும்.

இன்னொண்ணு, வியூ டிரான்ஸ்ஃபார்ம், அதாவது ரெண்டரோட வெளிச்சத்தை ஸ்கிரீன் கலரா மாத்துற கணக்கு. பிளெண்டர் 4.0-ல இருந்து ஏஜிஎக்ஸ்தான் டிஃபால்ட், அதுக்கு முன்னாடி ஃபில்மிக். ஆளு ஏஜிஎக்ஸ்ல, கடல் வேற சாஃப்ட்வேர்ல சாதாரண கலர்லன்னு வந்தா ஆளு வெளுத்துப் போன மாதிரியே இருப்பாரு, எத்தனை கர்வ் போட்டாலும் சரியாகாது. ரெண்டையும் இஎக்ஸ்ஆரா எடுத்து காம்போசிட்டர்ல சேர்த்துட்டு கடைசில ஒரே ஒரு தடவை டிரான்ஸ்ஃபார்ம் போடுங்க, அது ஆகாதுன்னா ரெண்டுலயும் ஸ்டாண்டர்ட் வச்சுக்கங்க.

இனிமே ஒட்டுறது. ஷேடோ கேட்சர் குடுத்த நிழல் பெரும்பாலும் சரியா உக்காந்துரும். நிழலை கையால போட வேண்டி வந்தா கறுப்பை எடுத்து ஒபாசிட்டியைக் குறைக்காதீங்க, சாம்பல் பூசுன மாதிரி வரும். கம்பு ரெண்டரை எடுத்து வெயில்ல இருக்கிற மணல் கலரையும் நிழல்ல இருக்கிற மணல் கலரையும் பிக்கர்ல எடுங்க. உதாரணத்துக்கு வெயில்ல 220, 195, 160, நிழல்ல 95, 95, 105ன்னு வச்சுக்குவோம். நிழலை வெயிலால வகுத்து 255-ஆல பெருக்குனா 110, 124, 167 வருது, அதான் கீழ இருக்கிற கலரோட பெருக்கி இருட்டாக்குற மல்டிப்ளை லேயர்ல நிரப்ப வேண்டிய கலர், பாருங்க நல்லா நீலமா இருக்கு. கிரிட்டால 8 பிட்ல இந்தக் கணக்கு அப்படியே வேலை செய்யும். ஜிம்ப்ல புது வெர்ஷன்ல மல்டிப்ளை இந்த கலர் நம்பர்ல நடக்காம நிஜ வெளிச்ச அளவுல (லீனியர்) நடக்குறதால வேற மாதிரி வரும், அங்க கம்பு நிழல் பக்கத்துல வச்சு கண்ணால ஒத்துப் பாருங்க.

கால். படத்தை நம்ப வைக்கிறதும் கவுத்து விடுறதும் இந்த இடந்தான். காய்ஞ்ச மணல்ல யாரும் மேல மிதக்க மாட்டாங்க, பாதம் ரெண்டு மூணு சென்டிமீட்டர் உள்ள போகும், விரலைச் சுத்தி மணல் மேடு கட்டும், குதிகாலுக்குப் பின்னாடி சரியும். ஆளு சீன்லயே பாதத்தை மணலுக்குள்ள கொஞ்சம் எறக்கி, கேட்சர் மணல்ல ஸ்கல்ப்ட் பண்ணி ஒரு குழி போட்டுருங்க. அப்புறம் லேண்ட்ஸ்கேப்ல இருந்தே மணல் துண்டை குளோன் எடுத்து விரல் இடுக்குல, பாதத்து ஓரத்துல தடவுங்க. அடியில வெளிச்சமே போகாத மெல்லிசான ஒரு இருட்டுக் கோடு இருக்கணும், ரெண்டு மூணு பிக்சல்தான், அது இல்லாட்டி மிதக்கும். நடந்து வர்ற அக்காவுக்குப் பின்னாடி காலடித் தடமும் வேணும், காத்து அடிக்கிற அன்னிக்கு தடம் ரொம்ப தூரம் தெரியாது, அதனால கிட்ட நாலஞ்சு தடம் தெளிவா, அதுக்கப்புறம் மங்கலா போட்டா போதும். ஈர மணலா இருந்தா பிம்பமும் வேணும், லேயரை தலைகீழா திருப்பி வைக்கிறது அவசரத்துக்கு ஓகே, ஆனா பிம்பத்துல கூடையோட அடிப்பக்கந்தான் நல்லா தெரியணும், திருப்பிப் போட்டா அது வராது, பளபளப்பான பிளேன் வச்சு ரெண்டர் பண்றதே சரி.

கச்சான்ல மணல் கணுக்கால் உயரத்துக்குப் பறக்கும், ரோட்டையே மூடிரும். படத்துக்கு அது பெரிய உதவி. கால் மேல, ஆளுக்கு முன்னாடி ஒரு லேயர்ல, காத்து திசையிலயே நீட்டி மழுக்குன நாய்ஸை மணல் கலர்ல லேசா போடுங்க, ஆளுக்குப் பின்னாடியும் ஒரு லேயர் போடுங்க. ஆளு ரெண்டுக்கும் நடுவுல வந்துருவாரு. அதிகமா போட்டா ராஜஸ்தான் ஆயிரும், பாத்து.

தூரத்துல, கரையோரமா நூறு இருநூறு மீட்டர்ல வேற ஆளுங்க இருந்தா உப்புக் காத்தோட மங்கல் வேணும். எது எவ்வளவு தூரத்துல இருக்குன்னு காட்டுற டெப்த் பாஸோ மிஸ்ட் பாஸோ ரெண்டு ரெண்டர்லயும் ஒரே தூரக் கணக்குல எடுத்து வச்சிருந்தா ஈஸி. இல்லைன்னா லேண்ட்ஸ்கேப்ல அதே தூரத்துல இருக்கிற பொருளோட கறுப்பு எவ்வளவு கறுப்புன்னு பாருங்க, ஆளோட கறுப்பு அதை விட இருட்டா இருக்கக் கூடாது. கிட்ட நிக்கிறவங்களுக்கு மங்கல் வேண்டாம்.

ரெண்டு ரெண்டருக்கும் டீநாய்ஸ், அதாவது ரெண்டர்ல வர்ற புள்ளிகளை நீக்குறது, ஒரே அளவுல போட்டுட்டு, எல்லாம் சேர்ந்ததுக்கு அப்புறம் மேல ஒரே ஒரு கிரெய்ன் லேயர், அதான் ஃபிலிம் போட்டோ மாதிரி பொடிப் புள்ளிகள், முழு படத்துக்கும். ஆளு மட்டும் கத்தி மாதிரி கூர்மையா இருந்தா அரை பிக்சல் பிளர் போடுங்க. கலர் கரெக்‌ஷனையும் கடைசில மொத்தமா பண்ணுங்க, ஆளுக்குத் தனியா கடலுக்குத் தனியான்னு ஆரம்பிச்சா முடிவே இருக்காது.

திருவிழாவுக்கோ கடை திறப்புக்கோ ஃபிளெக்ஸ் அடிக்கப் போறீங்கன்னா முதல்லயே சைஸ் கேட்டுக்கங்க. 6க்கு 4 அடி, அங்குலத்துக்கு 100 புள்ளின்னா 7200க்கு 4800 பிக்சல். அம்புட்டு பெருசா லேண்ட்ஸ்கேப் ரெண்டர் ஏறலைன்னா கடலையும் வானத்தையும் பாதி சைஸ்ல எடுத்து பெருசாக்கலாம், யாருக்கும் தெரியாது, ஆளையும் காலடி மணலையும் மட்டும் முழு சைஸ்ல எடுங்க, கிரெய்னை பெருசாக்குனதுக்கு அப்புறம் போடுங்க. பிரிண்ட்ல நிழல்ல இருக்கிற நீலம் பெரும்பாலும் செத்துரும், அதனால கடைக்காரர்கிட்ட ஒரு அடி துண்டு, தாத்தா காலும் நிழலும் வர்ற இடத்தை மட்டும், முதல்ல அடிச்சுக் காட்டச் சொல்லிப் பாத்துட்டு அப்புறம் முழுசையும் ஓட்டச் சொல்லுங்க.